ஏழுக்கு அடுத்தது

8.9.2025, திங்கள்

சீனுவாசன் சார் மறுபடியும் என் தலையில் கட்டிவிட்டார். மயிலம் பக்கம் ஓர் அரிசி ஆலை. மிஷின்களை ஓட்டுகிற பழைய கன்ட்ரோலரைத் தூக்கிவிட்டுப் புதியது வைக்க வேண்டும். ஆலையில் இருக்கும் மீட்டர், சென்சார், பம்பு எல்லாவற்றையும் அதோடு பேச வைக்க வேண்டும். "சின்ன வேலைதான் வெண்ணிலா, ஜல்தியா முடிச்சிட்டு வந்துடலாம்" என்றார். இதில் அவர் எங்கே வருகிறார் என்று தெரியவில்லை. விழுப்புரம் ஆபீஸில் ஏ.சி.க்குக் கீழே அவர். கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போவது நான்.

நெல்லை ஊறவைத்து அவிக்கிற ஆலை. கேட்டுக்கு வெளியிலேயே புளித்த வாடை. எலக்ட்ரீஷியன் ஆனந்தராஜ் கூட வந்து ஒவ்வொரு கருவியாகக் காட்டினார். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். கழிவுத் தண்ணீர் பக்கம் வந்ததும் பேச்சு இன்னும் குறைந்தது. "இது ஆறு. இது ஏழு" என்றார். பிறகு வெறும் சிமெண்டுத் தரை ஒன்றைச் சுற்றிக்கொண்டு போய், "இது ஒம்போது" என்றார்.

"எட்டு எங்கண்ணே?"

"இங்க ஏழுக்கு அடுத்தது ஒம்போதுதான் மேடம்."

எட்டு சனியோட நம்பர் என்று வண்டிக்குக்கூட வாங்கப் பயப்படுகிறவர்கள் எத்தனை பேர்! இதுவும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தத் தரையை மிதிக்காமல் ஏன் சுற்றிப் போனார்?

11.9.2025, வியாழன்

ஒயரெல்லாம் மாட்டி முடித்தாயிற்று.

இந்த மோட்பஸ் லைனில் எனக்குப் பிடித்ததே அதன் ஒழுக்கம்தான். ஒரே கேபிள், ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அதற்கும் அடுத்ததற்கு என்று பூ கட்டுவது போலப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கேட்கிற உரிமை கன்ட்ரோலருக்கு மட்டும். "மூணு, உன் கணக்கு என்ன?" என்று கேட்டால் மூன்று மட்டும் வாயைத் திறக்கும், மற்றவை சும்மா இருக்கும். கேட்காமல் எதுவும் பேசாது. எங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் இப்படி ஒரு சட்டம் வந்தால் சீனுவாசன் சாருக்கு மாலை போடுவேன்.

மதியம் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். எட்டை மட்டும் விட்டுவிட்டுக் கூப்பிடச் சோம்பல், அவ்வளவுதான்.

ஏழு பதில் சொன்னது. எட்டும் சொன்னது.

14.

ஒரே ஓர் எண். 14. மறுபடியும் கேட்டேன். 14.

இல்லாத ஒன்று எப்படிப் பதில் சொல்லும்?

12.9.2025, வெள்ளி

இரண்டு கருவிக்கு ஒரே எண் கொடுத்திருப்பார்களோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். இல்லை. அப்படி இருந்தால் இரண்டும் சேர்ந்து பேசிக் குழறும். இது தெளிவாகப் பேசுகிறது.

கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்பதில் கழற்றினால் எட்டு பேசுகிறது. ஏழில் கழற்றினால் பேச்சு நின்றுவிடுகிறது. அப்படியானால் அது ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே இருப்பது அந்த வெறும் தரை. கேபிள் ஒரு பக்கம் தரைக்குள் போகிறது, மறு பக்கம் வெளியே வருகிறது. அதே கேபிளில்தான் கருவிகளுக்கு மின்சாரமும் போகிறது.

ஆனந்தராஜைக் கூப்பிட்டு, "இதுக்குக் கீழ என்ன இருக்குண்ணே?" என்றேன்.

"மண்ணுதான் மேடம்."

"மண்ணு பேசுமாண்ணே?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே வாயை மூடிக்கொண்டேன். கையில் இருந்த டெஸ்டரை அங்கேயே வைத்துவிட்டுப் போனவர், சாயங்காலம் வரை அந்தப் பக்கம் வரவில்லை.

15.9.2025, திங்கள்

எழுதவே ஒரு மாதிரி இருக்கிறது.

மதியச் சாப்பாட்டு நேரம். மிஷின் எல்லாம் நிறுத்தம். பட்டப்பகல், கண் கூசும் வெயில், ஆலை முழுக்க ஒரு சத்தம் இல்லை. கன்ட்ரோல் ரூமில் தயிர்சாத டப்பாவோடு நான் மட்டும். திரையில் எல்லா எண்களும் அப்படியே நிற்கின்றன. பம்பு ஓடவில்லை என்றால் கணக்கும் நகராதுதானே.

எட்டு மட்டும் நகர்ந்தது. 14, 19, 33, 52. அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டு போனது. 80-ஐத் தாண்டியது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. தூங்குகிறவர் நெஞ்சு ஏறி இறங்குகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை பதிவை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கும் மதியம் இதே ஏற்றம்.

டப்பாவை மூடிவிட்டேன்.

16.9.2025, செவ்வாய்

இன்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்தத் தரைக்குப் பக்கத்திலேயே, ஏழாம் பம்பின் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். என்னதான் ஆகிறது என்று பார்த்துவிடுவது.

ஆலையைப் பெருக்குகிற ஆரோக்கியசெல்வி அக்கா வந்தார். என்னைக் கவனிக்கவில்லை. தரையின் ஓரத்தில் உடைந்த ஒரு வடிகால் ஓட்டை இருக்கிறது. அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தூக்குவாளியைத் திறந்து, உள்ளே இருந்த கஞ்சியை ஓட்டைக்குள் மெதுவாக ஊற்றினார். உதடு அசைந்தது. சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

சிறிது நேரத்தில் எண் ஏறத் தொடங்கியது.

அந்தத் தரையில் நீட்டியிருந்த காலை இழுத்துக்கொண்டேன். ஆனந்தராஜ் ஏன் சுற்றிப் போனார் என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

17.9.2025, புதன்

செல்வி அக்காவிடம் கேட்டேவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். கோபமே இல்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலச் சொன்னார்.

"ஆறு வருசத்துக்கு முன்னாடி எங்க ஊட்டுக்காரரு இதுக்குள்ளதாம்மா போனாரு. அடைப்பு எடுக்க எறங்குனாரு. சோத்துக்கு முன்னாடி முடிச்சிட்டு வர்றேன்னு போனவரு. கேட்டுக்கு வெளிய ரோட்டுல உழுந்து நெஞ்சுவலின்னு எழுதிட்டாங்க. உள்ள எறங்குனாருன்னு சொன்னா கம்பெனிய மூடிருவாங்க, எல்லாரு பொழப்பும் போயிரும்னாங்க. இங்க வேல செய்யிற ஒருத்தரும் வாயத் தொறக்கல. நானும்தான்."

அவர் பெயர் சவுரிராயன். குழிக்கு எண் எட்டு. அன்றிலிருந்து இந்த ஆலையில் யாரும் அந்த எண்ணை வாயால் சொல்வதில்லையாம். யாரும் சொல்லி வைத்துச் செய்யவில்லை. சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். எண்ணும்போது தாண்டிவிடுவார்கள். மூட்டை எண்ணினால்கூட "ஏழு, ஏழுக்கு அடுத்தது, ஒம்போது". வாயிலிருந்து போனது, போகப் போக வரைபடத்திலிருந்தும் போயிருக்கிறது. எனக்குக் கொடுத்த படத்தில் அப்படி ஒரு குழியே இல்லை.

"மண்ணு கொட்டி மூடிட்டோம்னாங்க. எங்க கொட்டுனாங்க? பலகையப் போட்டு மேல பூசிட்டாங்க. அவரு பசியோட போனாரும்மா. அதான் தெனம் ஒரு வாய் ஊத்துறேன்."

கன்ட்ரோல் ரூமுக்கு வந்து கன்ட்ரோலர் முன்னால் உட்கார்ந்தேன். நீ யார் என்று கேட்கவும் வழி உண்டு. சில கருவிகள் தங்கள் மாடல் எண்ணை ஒரு மூலையில் வைத்திருக்கும். எட்டைக் கேட்டேன். சொன்னது. சாக்கடைக் குழிகளில் கட்டித் தொங்கவிடும் வாயு சென்சார். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அந்த வாயுவை அளப்பது. அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையும் தெரியாது. பத்தைத் தாண்டினால் ஆள் நிற்கக் கூடாது. நூறு என்றால் உயிருக்கே ஆபத்து.

கீழே மண் இல்லை. பழைய கழிவும், மூடிய இருட்டும், அதில் தினம் விழுந்து புளிக்கிற கஞ்சியும்தான்.

புருஷனுக்கு என்று ஊற்றுவது அங்கே விஷமாகிக்கொண்டிருக்கிறது. இதை அவரிடம் எந்த வாயால் சொல்வேன்?

18.9.2025, வியாழன்

கஞ்சியைப் பற்றிச் சொல்லவில்லை. "அங்க ஊத்தாதீங்கக்கா, அடியில கேஸ் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். "இருக்கட்டும்மா. அவருக்குப் பசிக்குமே" என்றார்.

அதைவிடப் பெரிய இடி சாயங்காலம் விழுந்தது. ஆயுத பூஜை முடிந்த கையோடு அந்தத் தரையை உடைக்கப் போகிறார்கள். புதுப் பம்புக்கு அடித்தளம் போட வேண்டுமாம். உடைத்து இறங்கப் போகிறவன் சேரன். பைப்லைன் வேலை செய்பவன். சவுரிராயனின் கூடப்பிறந்த தம்பி.

மேனேஜரிடம் ஓடினேன். எண்ணைக் காட்டினேன். சிரித்தார். "அது எப்பவோ மண்ணு போட்டு மூடுனதும்மா. ட்ராயிங்ல பாருங்க. பழைய ஒயரு, ஈரத்துல என்னத்தையாவது காட்டும். லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க."

சீனுவாசன் சாருக்குப் போன் போட்டேன். "ஏம்மா, நீ ப்ரோகிராம் போடப் போனியா, பேய் ஓட்டப் போனியா? எட்ட எடுத்துட்டு ஹேண்டோவர் குடுத்துட்டு வா. பேஜாரு பண்ணாத."

எனக்கு வந்த கோபத்துக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். என் போன்தானே என்று விட்டேன்.

19.9.2025, வெள்ளி

சேரனைப் பார்த்தேன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மேல்சித்தாமூரில் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்து டீக்கடையில் நின்றிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அண்ணன் செத்த எடம்னு எனக்குத் தெரியும் மேடம். நான் மாட்டேன்னா வேற எவனையாவது எறக்குவாங்க. அவனுக்கு இதுகூடத் தெரியாது. நானாவது பாத்து எறங்குவேன்."

"பாத்தா தெரியாது சேரன். வாடைகூட வராது."

"பேப்பர்ல மண்ணுன்னு போட்டிருக்குதே."

பேப்பரை நம்பி வேலை செய்கிறவள்தான் நானும்.

23.9.2025, செவ்வாய்

காலை: 14. மதியம்: 88.

1.10.2025, புதன்

ஆலையில் ஆயுத பூஜை. பாய்லர் முதல் பெருக்குமாறு வரை சந்தனம், குங்குமம். எல்லாப் பம்புக்கும் மாலை. பொரிகடலையும் சுண்டலும் பொட்டலமாகக் கொடுத்தார்கள். மேனேஜர் பட்டு வேட்டியில் வந்து எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் கழிவுப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே, மிஷினும் இல்லை மேடையும் இல்லை, வெறும் சிமெண்டு. அதில் ஈரம் காயாத ஒரு சந்தனப் பொட்டு. மேலே குங்குமம். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னும் பல. ஒவ்வொன்றும் வேறு வேறு விரல். ஆளுக்கு ஒன்றாக, யாருக்கும் தெரியாமல் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும்!

அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பொட்டு வைக்க விரல் வருகிறது, சொல்ல வாய் வரவில்லையே இவங்களுக்கு.

4.10.2025, சனி

வேலை முடிந்தது என்று ஹேண்டோவர் கொடுத்துவிட்டேன். மேனேஜர் கேட்டபடி எட்டு திரையில் இல்லை. பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

திரையில்தான் இல்லை. ப்ரோகிராமுக்குள் இருக்கிறது. கன்ட்ரோலர் ஓயாமல் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நூறைத் தாண்டினால் சைரன் அடிக்கும், வாசலில் தினக்கணக்கைக் காட்ட மாட்டிய பெரிய திரையில் ஒரே ஓர் எண் சிவப்பில் வரும். பாஸ்வேர்டு என்னிடம். என்னைத் தவிர யாராலும் நிறுத்த முடியாது.

வேலை போகும். போகட்டும் என்று எழுதியதை ஒருமுறை அடித்துவிட்டு மறுபடியும் எழுதினேன்.

6.10.2025, திங்கள்

விடுப்பு போட்டுவிட்டு ஆலைக்குப் போனேன். ஒரு மீட்டரைச் சரிபார்க்க வேண்டும் என்று செக்யூரிட்டியிடம் பொய்.

முந்தின நாள் மழை பெய்து பொட்டெல்லாம் கரைந்து, தரை மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தது. சேரன் பிரேக்கர் மிஷினை வைத்து உடைக்க ஆரம்பித்தான். செல்வி அக்கா தூரத்தில் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றார். பெருக்கவில்லை. நான் லேப்டாப்பைப் பார்த்தேன். 14. 14. 17. சத்தத்துக்கும் அதிர்வுக்கும் கீழே கிடந்தது கலங்குகிறது. 40. சிமெண்டுத் துண்டு ஒன்று உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்க நேரமானது. மண்ணில் விழுந்த சத்தம் இல்லை, தண்ணீரில் விழுந்த சத்தம்.

சேரன் மிஷினை நிறுத்திவிட்டு, ஓட்டைக்குள் பார்க்க முட்டி போட்டுக் குனிந்தான்.

சைரன் அடித்தது. ஆலையே நின்றது. எல்லோரும் திரும்பி வாசல் திரையைப் பார்த்தார்கள். சிவப்பில், ஆள் உயரத்துக்கு, 8.

ஒருவரும் அசையவில்லை. வாய் பிளந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கத்துகிறேன், சைரனில் என் குரல் எடுபடவில்லை. அப்போதுதான் ஆனந்தராஜ் ஓடி வந்தார். தொண்டை கிழியக் கத்தினார்.

"எட்டு! டேய், எட்டுடா! சேரா, ஏந்திரிடா! எட்டு!"

பிறகு எல்லா வாயிலும் அதுதான். எட்டு, எட்டு என்று நெல் மூட்டைப் பக்கமிருந்து, பாய்லர் பக்கமிருந்து. சேரன் நிமிர்ந்து பின்னால் சரிந்தான். ஆனந்தராஜும் இன்னும் இருவரும் காலைப் பிடித்துத் தரதரவென்று காற்றுப் பக்கம் இழுத்தார்கள். வாந்தி எடுத்தான். கண் சொருகியது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மூச்சு இருக்கிறது.

மேனேஜர் என்னிடம் வந்து, "அத்த நிறுத்தும்மா" என்றார். நான் நிறுத்தவில்லை. எண் இறங்கித் தானாக நிற்கிறவரைக்கும் அடித்தது.

7.10.2025, செவ்வாய்

சேரன் கண் விழித்தான். தலை வலிக்கிறது என்றானாம். இதைவிட நல்ல செய்தி இந்த வருஷத்தில் எனக்கு வரவில்லை.

8.10.2025, புதன்

வேலை போயிற்று. "கஸ்டமருக்குத் தெரியாம கைவெச்சா அதுக்குப் பேரு திருட்டும்மா" என்றார் சீனுவாசன் சார். லேப்டாப்பை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தேன். இனிக்கவே இல்லை.

13.10.2025, திங்கள்

தீயணைப்பு வண்டி, ஆபீசர்கள், போலீஸ் எல்லோரையும் வைத்துக் குழியைத் திறந்தார்கள். சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். காற்று ஊதும் மிஷின் வெகுநேரம் ஓடியது. உள்ளே ஒரு கூடை மண்கூட இல்லை. ஒரு ரப்பர் செருப்பு மட்டும் மேலே வந்தது. செல்வி அக்கா அதைப் பார்த்தார், யார் செருப்பு என்று அவரை யாரும் கேட்கவில்லை.

சென்சாரையும் எடுத்தார்கள். ஆனந்தராஜ் அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். "நாந்தான் மேடம் மாட்டுனேன். இன்ஸ்பெக்‌ஷன் வருதுன்னு அவசரமா மாட்டச் சொன்னாங்க. கன்ட்ரோலர்ல சேக்கவே இல்ல. சவுரி எறங்குன அன்னிக்கும் அது உள்ளதான் தொங்கிக்கினு இருந்துச்சு."

அன்றைக்கும் அதற்குத் தெரிந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

ஆனந்தராஜே சென்சாரின் மூடியைத் திறந்தார். இந்த மாடலில் வாயுவை உணர்கிற பகுதி இரண்டு மூன்று வருஷம்தான் உழைக்கும். இதில் அந்தப் பகுதியே அரித்துப்போய்ப் பச்சைத் தூளாக இருந்தது. சர்க்யூட் முழுக்கச் சேறு. ஒயர் நுனி கையோடு உதிர்ந்தது. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வரையில் இது பேசியிருக்கவே முடியாது.

"அப்ப யாரு மேடம் பதில் சொன்னது?"

தெரியலண்ணே என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. கேபிளைச் சேர்த்துக் கட்டிவிட்டு, கன்ட்ரோல் ரூம் திரையிலிருந்து பழக்கத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூப்பிட்டுப் பார்த்தேன். எட்டு பதில் சொல்லவில்லை.

2.11.2025, ஞாயிறு

கல்லறைத் திருநாள். செல்வி அக்கா வரச் சொல்லியிருந்தார். திண்டிவனம் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்தியும் மெழுகுவர்த்தியும். சேரன் தன் அண்ணன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். இளைத்திருக்கிறான், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம்.

புதுக் கல் வைத்திருந்தார்கள். ஆலைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்ததாம். சவுரிராயன், பிறந்த நாள், இறந்த நாள். அதன் கீழே: அரிசி ஆலையில், எட்டாம் எண் குழியில் இறந்தார். ஆனந்தராஜ் குனிந்து அந்த வரியை ஒரு தரம் சத்தமாகப் படித்தார்.

கூட்டம் நகர்ந்த பிறகு செல்வி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "போலீஸ்ல அந்தக் கேஸ் எதனால சேருதுன்னு சொன்னாங்கம்மா. சோறு, கஞ்சி, அழுகுனதுன்னு." கையிலிருந்த தூக்குவாளியைப் பார்த்தார். "நான் ஊத்துனது என் கொழுந்தனையே தூக்கப் பாத்துச்சு. உனுக்கு முன்னயே தெரியும் இல்ல?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. "தெரியும்க்கா. ஆனா நீங்க ஊத்தாம இருந்தா அது அசையாம பதினாலுலயே நின்னிருக்கும். நானும் பழைய ஒயருன்னு விட்டுட்டுப் போயிருப்பேன்."

சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. அதுதான் உண்மை. அவர் அதை ஏற்றுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது.

தூக்குவாளியைத் திறந்தார். கேப்பைக் கஞ்சி. கல்லறைத் தலைமாட்டில் ஒரு வாய் ஊற்றினார். அடுத்து ஊற்றச் சாய்த்தவர், நிறுத்திக்கொண்டு வாளியைச் சேரனிடம் நீட்டினார். அவன் சுண்ணாம்புக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். அவன் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கும் வரையில் அக்கா அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.